மழைக்காலம் முடியும்வரை வராதே

மில்வாக்கி,
மே, திங்கட்கிழமை.

அன்பு மகள் ஹாலினாவுக்கு அப்பா ரோமன் எழுதுவது. நீயும் குழந்தை ஜோசியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நானும் உன் அம்மாவும் சுகம். கடிதம் என்றால் அப்படித்தான் எழுதவேண்டும் என்பதால் எழுதினேன். மற்றபடி ரப்பர் பூட்ஸோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் புருஷன் விட்டுப் போனதிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு, நீ இங்கே வந்துவிட வேண்டும். மாதக் கடைசியில் வாடகை வீட்டையும் காலி செய்யப்போகிறாய். அதற்காகத்தான் தரைக்கு அடியில் இருக்கும் கீழ்த்தளத்தை அறையாக்கினேன். மஞ்சள் பெயிண்ட், புதுக் கார்ப்பெட், தொட்டில். ஆனால் நம் தெரு லட்சணம் உனக்குத் தெரியும். மழைத்தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் ஒரே குழாயில்தான் குடித்தனம். பெருமழை பெய்தால் தெருவே நம் கீழ்த்தளத்துக்கு ஏறி வரும். அதனால் கழிவுநீர் அலுவலகம் சொன்னதையெல்லாம் தட்டாமல் செய்தேன். கூரைத் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பாமல் பீப்பாயில் பிடித்தேன். பீப்பாய் கொசு வளர்த்தது. பீப்பாய் வழிவதை மண் குடிக்கட்டும் என்று ஆழமாக வேர்விடும் காட்டுச்செடிகளை வைத்தேன். உன் ஜெனிவீவ் அத்தை உதவி செய்கிறேன் பேர்வழி என்று அத்தனையையும் களையென்று பிடுங்கிப்போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து காபி கேட்டாள். கடைசியில் தரையைப் பெயர்த்து, தெருவுக்குப் போகும் குழாயில் ஒரு தடுப்புக் கதவு வைத்தேன். தெருச் சாக்கடை பொங்கினால் அது தானாக மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டு ஷுல்ட்ஸைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

நேற்று அத்தையின் பேரனுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கினான். விருந்து நம் வீட்டில். சாசேஜும் பீரும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே வானம் பிளந்தது. எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தியது. கனமழை வருகிறது; குளிப்பது, துணி துவைப்பது எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள் என்று கழிவுநீர் அலுவலகத்துச் செய்தி. மற்றவர்கள் படித்துவிட்டு அடுத்த பீரைத் திறந்தார்கள். எனக்குத்தானே தெரியும், கதவு மூடிக்கொண்டால் தெருத் தண்ணீர் உள்ளே வராது, நம் தண்ணீரும் வெளியே போகாது. பாத்ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். யாரையும் விடவில்லை. பாதிரியார் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடையோடு கோயிலுக்கே திரும்பிப் போனார். பிறகு அத்தை வந்தாள்.

"டேய் ரோமன், வழிய விடுடா. அணை கட்டி நிறுத்தற வயசாடா எனக்கு?"

கூடப்பிறந்தவள் என்றும் பார்க்கவில்லை. அவள் கோபித்துக்கொண்டு ஷுல்ட்ஸ் வீட்டுக்குப் போனாள். எல்லாரும் என்னைப் பைத்தியம் என்றார்கள். தெருவிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை, அதனால் எனக்கு ரோஷமே வரவில்லை. அப்போதுதான் கீழே ஏதோ கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது. வாஷிங் மெஷின். நீ வரப்போகிறாய் என்று உன் அம்மா காலையிலிருந்து போர்வையும் திரைச்சீலையுமாகத் துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏங்க, புள்ள படுக்கிற துணி. அழுக்கா விரிக்கச் சொல்றீங்களா?" என்றாள்.

போக வழியில்லாத அந்தத் தண்ணீர், குழாயில் கிடந்ததையெல்லாம் கூட்டிக்கொண்டு, தரைத் துவாரம் வழியாகக் கார்ப்பெட்டுக்கு ஏறி வந்தது. தொட்டிலின் கால் மூழ்கி நின்றதைப் பார்த்து நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன், ஹாலினா. ஷுல்ட்ஸ் பம்பு கொண்டுவந்தான். அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

ஆகவே வராதே அம்மா. இப்போது இருக்கும் மேடிசனிலேயே ஒரு அறை பார்த்துக்கொள். பெற்ற பெண்ணுக்குக் காய்ந்த தரை ஒன்று கொடுக்க வக்கில்லாத அப்பனாகிவிட்டேன். அந்த நாற்றத்தில் பச்சைக் குழந்தையைப் படுக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை. இதை எழுதவும் வரவில்லை.

மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஜோசிக்கு என் முத்தம்.

உன் அப்பா,
ரோமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் படுக்கையறைக்குப் போனால் எங்கள் கட்டிலைக் காணோம். அந்த இடத்தில் கழுவித் துடைத்த தொட்டில் நிற்கிறது. உன்னை வரவேண்டாம் என்று எழுதிவிட்டதாக உன் அம்மாவிடம் சொன்னேன். "கட்டில் ஹால்ல கெடக்கு. அவ காலையிலயே போன் பண்ணிட்டா, நாலு மணி பஸ்ல வர்றா. உங்கள யாரு கேட்டா?" என்றாள். ஆக, இந்தக் கடிதம் போகிற வீட்டில் நீ இருக்கமாட்டாய். உறையைப் பிரித்து இதை ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றே தெரியவில்லை. பஸ் நிலையத்துக்கும் இதை எடுத்துவர மாட்டேன். ஜோசியைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.