திரையில் படுத்திருந்தவர்

திரையில் படுத்திருந்த உடம்பின் இதயம் வலப்பக்கம் துடித்துக்கொண்டிருந்தது.

உடற்கூறியல் பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் சற்று நேரத்தில் கல்லூரி முதல்வர் அம்மா வகுப்புக்கு வந்துவிடுவார். பாடம் நடத்தச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கியவர் பேராசிரியர்தான். இன்று சொதப்பினால் துறைத் தலைவர் பதவி போய்விடும்.

தன் இடது மார்பில் கைவைத்துப் பார்த்தார். பதற்றத்தில் துடிப்புகூடத் தட்டுப்படவில்லை.

"இதயம் இடப்பக்கம் இருக்கணும். மாத்து!" என்றார் மைக்கில்.

"மன்னியுங்கள் ஐயா. எனக்குத் தந்த உடம்பில் இப்படித்தான் இருக்கிறது" என்றது மென்பொருள்.

"என்கிட்டயே வாயாடுறியா? தலை நரைச்சதே இந்தப் பாடத்துலதான். மாத்துன்னா மாத்து!"

மாற்றியது. இதயம் மட்டும் இடப்பக்கம் போனது. ரத்தக்குழாய்கள் பழைய இடத்திலிருந்தே துணி காயப்போடும் கொடிபோல இழுபட்டு நின்றன.

மென்பொருளுக்கு உதவ வந்திருந்த ஸ்கேன் அறை டெக்னீஷியன் கடைசி வரிசையில் எழுந்தார். "சார், ஒரு நிமிஷம்..."

"நீங்க உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

"சார், கல்லீரலும் பக்கம் மாறியிருக்கே?" என்றாள் முன்வரிசை மாணவி.

"தெரியும்மா. அதுக்குத்தான் வரேன்."

கல்லீரலை வலப்பக்கம் தள்ளச் சொன்னார். அங்கிருந்த இரைப்பை போக்கிடம் இல்லாமல் நுரையீரலுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாணவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கடியில் குனிந்தார்கள்.

வாசலில் செருப்புச் சத்தம். பேராசிரியர் மேடையில் இப்படியும் அப்படியும் நடந்தார்.

"ஆளைக் குப்புறப் போடு! முதுகு மட்டும் தெரியட்டும்!"

முதல்வர் உள்ளே வந்தார். "என்ன சார், குப்புறப் படுக்க வச்சிருக்கீங்க?"

"இன்னிக்கு முதுகெலும்புப் பாடம் மேடம்."

"இல்லை அம்மா" என்றது மென்பொருள், மிகுந்த பணிவோடு. "இதயத்தை மறைப்பதற்காக ஐயா திருப்பச் சொன்னார்."

முதல்வர் பேராசிரியரையே பார்த்தார்.

"மேடம், யாரோ ஒரு கோணல் ஆளோட உடம்பை இதுல ஏத்தி வச்சிருக்காங்க!" என்று வெடித்தார் பேராசிரியர். "எல்லாமே பக்கம் மாறிக் கெடக்கு. இப்படி ஒரு மனுஷன் இருந்தா, இத்தனை வயசுக்கு அவனுக்கே தெரியாமலா இருக்கும்?"

கடைசி வரிசை டெக்னீஷியன் தயங்கித் தயங்கி மறுபடி எழுந்தார்.

"அதான் சார் அப்பவே சொல்ல வந்தேன்... புது ஸ்கேன் மெஷின் சரியா இருக்கான்னு பாக்கப் போன மாசம் நீங்கதானே படுத்தீங்க? அதைத்தான் ஏத்தினோம்."