கிளைவின் தலைவலிக்குக் காரணம் கிடைத்தது

பிச்செனோ,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

நான் நலம். பெர்த்தில் நீயும் அத்தானும் நலமென்று நம்பி எழுதுகிறேன். நம் தம்பி கிளைவின் இதயத்தில், மேலறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு துளை இருக்கிறது. சொன்னவர் ஹோபார்ட் இதய மருத்துவர் பெட்ராக்கிஸ். நேற்று, என் முன்னிலையில். நுண்குமிழிகள் கலந்த உப்புநீரைக் கிளைவின் கையில் ஊசி வழியே ஏற்றினார்கள். நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குமிழிகள் குறுக்கே பாய்ந்து மறுபக்கம் போனதைத் திரையில் நானும் பார்த்தேன். பிறவித் துளையாம். நாலில் ஒருவருக்கு உண்டாம். ஆனால் எல்லோரும் அவனைப் போல அபலோன் சிப்பி பெயர்க்கக் கடலடிக்குப் போவதில்லை.

அவனுடைய ஒற்றைத் தலைவலியைப் பற்றி உனக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். வலிக்கு முன்னால் கண்ணில் வெளிச்சம் கோணல்மாணலாக ஓடும், பாதிப் பார்வை போகும், அப்படித்தான் போன மாதம் படகைத் துறைமேடையில் மோதினான், அவன் மனைவி மெரிலுடைய தாயாரை அடக்கம் செய்த அன்று பாதிரியாருக்குப் பாதி முகம்தான் இருக்கிறதென்று உரக்கவே சொன்னான், படகில் உதவிக்கு இருக்கும் ஷேன், "மேல வந்ததும் வீட்டு ஞாபகம் வருது, அதான் தல வலிக்குது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். தலைவலிக்கு என்ன மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்று மருத்துவர் கிளைவைக் கேட்டார்.

"மருந்தெல்லாம் எதுக்கு டாக்டர்? திரும்ப ஒரு தடவ கீழ போவேன். அடியில நிம்மதியா இருக்கும்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். கடலடியிலிருந்து ஏறும்போது இரத்தத்தில் குமிழிகள் உண்டாகின்றன; திரும்பப் போனால் ஆழத்தின் அழுத்தத்தில் அவை சுருங்குவதால் வலி விடுகிறது. மறுபடி மேலே வரும்போது புதிதாக உண்டாகிற குமிழிகளும் சேர்ந்து துளை வழியே மூளைக்குப் போகின்றன என்று விளக்கினார். "நீங்க மருந்துன்னு நெனச்சதுதான் உங்களக் கொல்லப் பாக்குது." துளையை அடைத்தாலும் தலைவலி நிற்குமென்று உறுதி சொல்ல மறுத்தார், அந்தத் தொடர்பு இன்னும் முழுதாக விளங்கவில்லையாம். மூளைப் படத்தின் முடிவு செவ்வாய்க்கிழமை வரும். அதுவரை கடல் கூடாது. இனிக் குளியல் தொட்டியில்கூடத் தலையை முக்கமாட்டேன் என்று கிளைவ் சத்தியம் செய்தான். மெரில் அழுதாள். ஆகவே நீ கவலைப்படாமல் தூங்கலாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாயிருக்கட்டும்.

உன் தம்பி,
ரெக்ஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மெரில் தொலைபேசியில் கூப்பிட்டாள். கிளைவுக்குக் காலையிலிருந்து கடுமையான தலைவலி. படகு துறையில் இல்லை. ஷேன் கரையில்தான் இருக்கிறான், கிளைவ் தனியாகத்தான் போயிருக்கிறான். தேடப் போன போலீஸ் படகிலிருந்து இருட்டுவதற்குள் தகவல் வருமென்கிறார்கள்.