கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கருகல் வாசம்

கார் ஓட்டத் தெரிந்தவனுக்குக் காரைப் பற்றியும் தெரியும் என்று உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதிலேயே ஆண்பிள்ளைகளின் பாதி ஆயுள் போய்விடுகிறது. நான் அதை ஒரே வெள்ளிக்கிழமை காலையில் தொலைத்தவன்.

இரண்டாயிரத்து நாலோ, ஐந்தோ. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளைக்குப் பொறுப்பாக இருந்தேன். பகலெல்லாம் நெருப்பைப் பார்ப்பேன், சாயங்காலம் நெருப்பைப் பற்றிக் கவிதை எழுதுவேன். (இரண்டிலும் பாதி விரிசல் விட்டுவிடும்.) கம்மாபுரத்தில் தேன்மொழி என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் மாற்றியாக வேண்டும்.

பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் என்மேல் சந்தேகம் தீரவில்லை. "கவித எழுதுற புள்ள, குடும்பத்த ஓட்டுமா?" என்று தரகரிடம் கேட்டாராம். குடும்பம் என்ன, காரே ஓட்டுவேன் என்று காட்ட நினைத்தேன். முந்தின வாரம்தான் மூன்றாம் கையாக ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தேன். என் வீட்டார் வேனில் முன்னால் போகட்டும், பெண் வீட்டாரை நானே அழைத்து வருகிறேன் என்று அறிவித்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

முன்னால் மாமனாராகப் போகிற மாமா. பின்னால் அத்தை, தேன்மொழி, இருவருக்கும் நடுவில் பூவும் பழமுமாகத் தட்டுகள். விருத்தாசலம் தாண்டியதும் கரும்புக் கொல்லைகள் எங்களோடு ஓடிவந்தன. கண்ணாடியில் தேன்மொழியின் முகம் கால்வாசி தெரிந்தது. அந்தக் கால்வாசிக்கே நான் கியர் மாற்ற மறந்தேன். உலகமே மல்லிகைப்பூவாக மணத்தது.

"ஏதோ தீய்ஞ்ச நாத்தம் வருதே," என்றார் அத்தை.

"வெளியில யாரோ டயர் கொளுத்துறாங்க அத்தை." கண்ணாடிகளை ஏற்றச் சொன்னேன்.

ஏற்றினோம். இரண்டு கிலோமீட்டருக்குப் பிறகும் யாரோ விடாமல் டயர் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். தேன்மொழி முந்தானையால் மூக்கை மூடினாள். கால்வாசி முகமும் போயிற்று.

"தம்பி, இது ரப்பரு," என்றார் மாமா. "பெல்ட்டு வழுக்குது. எங்க பம்புசெட்டுல இதே நாத்தந்தான் வரும். ஓரங்கட்டுங்க."

"இன்ஜினுக்கு லேசா பித்தம் ஏறியிருக்கும் மாமா. ஆறினா சரியாயிடும்."

(பித்தம். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.)

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு பஞ்சர் கடை எதிரில் நிறுத்தினேன். பானட்டைத் திறக்கிறேன் பேர்வழி என்று சீட்டுக்குக் கீழே ஒரு கம்பியை இழுத்தேன். பின்னால் டிக்கி திறந்தது. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். உழவுக்குப் பிடித்துவந்த மாடு நடுவயலில் படுத்துக்கொண்டால் பார்க்கிற பார்வை.

பஞ்சர் கடைக்காரர் தானே வந்து பானட்டைத் திறந்தார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். "பெல்ட்டு புதுசு கணக்கா இருக்குது." ஒயர்களை முகர்ந்தார். நாலு சக்கரத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு இல்ல. பிரேக்கும் புடிக்கல. ஆனா நாத்தம் மட்டும் வருது பாருங்க." மணி ஒன்பதே முக்கால். ஏறும் வெயிலில் தட்டிலிருந்த வெற்றிலை வாட ஆரம்பித்தது.

"அப்பா," என்றாள் தேன்மொழி, அன்றுதான் முதல் தடவை அவள் குரலைப் பக்கத்தில் கேட்டேன். "முன்னாடி நின்னா வாசமே இல்ல. பின்னாடிதான் வருது." பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தாள். "அடியில பொகையுது. செருப்பு மாதிரி இருக்குது."

பஞ்சர் கடைக்காரர் குறட்டால் பிடித்து இழுத்தார். நீல வார் போட்ட ஹவாய் செருப்பு, பாகுபோல் உருகி, சைலன்சர் குழாயிலிருந்து நூல் விட்டுக்கொண்டு வந்தது.

"ரோட்டுல கெடந்தது மாட்டியிருக்கும்," என்றேன்.

"ரோட்டுல கெடந்தது கட்டுக்கம்பி போட்டு மூணு முடுக்கு முடுக்கிக்குமாண்ணா?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

மிஞ்சியிருந்த குதிகால் பக்கத்தை மாமா திருப்பிப் பார்த்தார். பட்டறையில் செருப்பெல்லாம் வெளியில்தான் கிடக்கும், மாறிப்போகாமலிருக்க ஆளுக்கோர் எழுத்தைப் பெயிண்டில் போட்டிருப்போம். என் செருப்பில் 'ஞா' என்று சிவப்பாக இருந்தது. அந்தச் சாலையில் அன்றைக்கு இருந்த ஒரே ஞானசேகரன் நான்தான்.

முந்தின நாள் நானே கட்டியது. லாரிகளின் பின்னால் திருஷ்டிக்குப் பழைய செருப்பு தொங்குமே, அது. மாப்பிள்ளை காரில் செருப்பு வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று அடியில் இடம் தேடினேன். கட்டுவதற்கு வாகாக ஒரு குழாய் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. (நின்ற கார் வேறெப்படி இருக்கும்?) சூளைக்காரனய்யா நான்! எது சுடும், எது சுடாது என்று பத்துப் பேருக்கு வேலை சொல்கிறவன்.

ஒட்டியிருந்ததைச் சுரண்டியெடுக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. பத்து இருபதுக்குக் கோயில் வாசலில் நிறுத்தினேன். என் வீட்டார் ஓடிவந்தார்கள். மாமா மட்டும் இறங்கவில்லை.

"இன்னும் பத்து நிமிசம் இருக்குது. நீயே சொல்லும்மா," என்றார் பின்னால் திரும்பாமல். "தட்ட மாத்தலாமா, வூட்டுக்குப் போயிடலாமா?"

என் நெஞ்சு அப்போதுதான் கருகியது.

"மனசுல ஒண்ணும் இல்லாத ஆளுதாம்பா," என்றாள் தேன்மொழி. "பொய்யிகூட சொல்லத் தெரியல. கட்டிக்கிறேன். ஆனா வண்டிய நான் ஓட்டுவேன்."

மாமா கதவைத் திறந்தார். "எறங்குங்க மாப்ள, நேரம் ஆவுது."

கல்யாணமான ஆறாவது மாதம் தேன்மொழி லைசென்ஸ் எடுத்தாள். அன்றிலிருந்து இடப்பக்க இருக்கைதான் எனக்கு; கவிதைக்கும் அதுவே வசதி. பஞ்சர் கடைக்காரர் பேசிய அந்தக் கட்டுக்கம்பி வசனத்தை என் மகள் அவர் குரலிலேயே நடித்துக் காட்டுவாள், அவரைப் பார்க்காமலே.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் என் செருப்பை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வெயிலில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளிக் காருக்கு வந்தேன். மாமாவுக்கு எண்பதாகிறது. என் காலைப் பார்த்தார். தேன்மொழியின் தோளில் ஒரு கையை ஊன்றி, இடுப்பை மறு கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் காருக்கு அடியில் குனிந்து பார்த்தார்.