அறுபத்திரண்டு அங்குல மாப்பிள்ளை

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே உன் அக்கா நலம். வலது முட்டியைத் தவிர நானும் நலம். உன் நலத்தை இதைப் படித்து முடித்துவிட்டு எழுது, ஏனென்றால் நடந்த அத்தனைக்கும் நீ உன் அக்கா மகளுக்கு வாங்கிக் கொடுத்த போன்தான் காரணம்.

கல்லூரிப் பாடத்துக்கு என்றுதான் கேட்டு வாங்கினாள். பாடம் படித்து நான் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். போன வாரம் தையல் கடையிலிருந்து என் அளவு நாடா காணாமல் போய், மறுநாள் அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. ஒரு பொத்தான்கூடத் தைக்காத பெண் யாருக்கு அளவெடுக்கிறாள்? அவள் குளிக்கப் போன நேரத்தில் போன் மினுங்கியது. நானாகப் பார்க்கவில்லை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்ற இடத்தில் அதுவாகத் தெரிந்தது. 'சுத்தளவு அறுபத்திரண்டு. போன மாசத்தைவிட மூணு இன்ச் கூடியிருக்கு. நாளைக்குக் காலையில வா, யார்கிட்டயும் சொல்லாதே.' மச்சான், இத்தனை வருஷத் தொழிலில் அறுபத்திரண்டு அங்குல மார்பை நான் தொட்டதே இல்லை. அப்படி ஒருவன் மாதாமாதம் வேறு பெருத்துக்கொண்டு போனால் கல்யாணச் சட்டைக்கு நான் எத்தனை மீட்டர் எடுப்பது? உன் அக்காவிடம் சொன்னால், உங்களுக்கு வேறு வேலையில்லையா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

விடிந்ததும் மகள் பின்னாலேயே போனேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நான்கைந்து பிள்ளைகள் குனிந்து என் நாடாவைத் தரையில் எதையோ சுற்றிப் போட்டார்கள். பிறகு படம் பிடிக்கத் தள்ளிப் போய் நின்றார்கள். மாப்பிள்ளையைக் காணோம். எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன், வலது கால் தொடை வரைக்கும் தரைக்குள் போய்விட்டது. அறுபத்திரண்டு அங்குலம் அந்தப் பள்ளம்தான்.

தூக்கி விட்ட பிறகு விவரம் சொன்னாள். தெருத்தெருவாகப் பள்ளங்களை அளந்து போனில் ஊருக்குக் காட்டுகிறார்களாம். போன தடவை விஷயம் கசிந்து, ரோடு காண்டிராக்டர் முந்திக்கொண்டு ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு, பள்ளம் எங்கே என்று கேட்டாராம். அதனால்தான் இந்த ரகசியமாம். நான் நகராட்சிக்கு நடையாய் நடந்தும் நிமிர்ந்து பார்க்காதவர்கள், இவள் விரலால் தேய்த்தால் வந்துவிடுவார்களா? எனக்கு நம்பிக்கையில்லை. பயமெல்லாம் நான் விழுந்தது அந்தப் போனில் இருப்பதுதான். நானே தைத்த கால்சட்டை, நடுத்தையல் பிரிந்து நிற்கிறது. அதை நாலு பேர் பார்த்தால் யார் என்னிடம் துணி கொடுப்பார்கள்? "நீங்க சரின்னு சொல்லாம போடமாட்டேம்ப்பா" என்கிறாள். இவ்வளவு பணிவாகப் பேசுகிறாளே என்றுதான் சந்தேகம் கூடுகிறது. உடனே புறப்பட்டு வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு போ.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். போன் வைத்திருக்கும் பிள்ளைக்குப் பாதி ஆசி போதும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தபால் பெட்டிக்குப் போகிற வழியில், பால் போடும் அம்மா அதே பள்ளத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து மகளிடம் போடச் சொன்னேன். "தையல் பிரிஞ்சது நல்லாத் தெரியுதேப்பா" என்றாள். "தெரியட்டும், போடும்மா" என்றேன். அதனால் நீ வர வேண்டாம், போன் அவளிடமே இருக்கட்டும். ஆனால் இதுவரை பதினோரு பேர்தான் பார்த்திருக்கிறார்களாம். இதில் காண்டிராக்டர் கை இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். உன் ஆபீசில் எல்லோருக்கும் அனுப்பு. நான் விழும்போது சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், பாதியில் நிறுத்தாமல் பார்க்கச் சொல். பள்ளத்தின் அளவு கடைசியில்தான் வருகிறது. இன்று நானே நாடா பிடித்து எடுத்தேன், அறுபத்து நாலு ஆகிவிட்டது.