கையெழுத்துப் போட்டது நீங்கதானே?

மனிதர்களில் ‘சம்மதம் சார்’ என்றொரு வகை உண்டு. தேடிப் போக வேண்டாம். எங்காவது நியாயம் கேட்டு வாயைத் திறந்து பாருங்கள், எதிர் நாற்காலியில் அவரே உட்கார்ந்திருப்பார். கோபப்பட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். உங்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நீங்கள் கொட்டுவதையெல்லாம் கொட்டி முடிக்கும்வரை தலையாட்டிக் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, பெற்ற பிள்ளையிடம் பேசுவதுபோல ஒன்றே ஒன்று கேட்பார்: “கையெழுத்துப் போட்டது நீங்கதானே?”

அவ்வளவுதான். உங்கள் கதை முடிந்தது.

நான் பார்த்தவர் ஒரு தடகளச் சங்கத்தின் சட்ட ஆலோசகர். வீட்டிலும் இதே பாட்டுதான். அவருடைய தங்கைகள் குடும்பத்தோடு வந்து மாதக்கணக்கில் தங்கிப் போவதைப் பற்றி மனைவி முணுமுணுத்தால், “கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறப்பவே எனக்கு மூணு தங்கச்சின்னு தெரியும்ல?” என்பார். அந்த அம்மாளும் லேசுப்பட்டவரல்ல. “தெரியும். ஆனா வாயைத் திறக்க மாட்டேன்னு எங்கயும் சொல்லலையே?” என்று கேட்டுவிட்டுப் பாத்திரங்களை உருட்டத் தொடங்குவார். அந்தச் சத்தத்தில் சட்டம் எடுபடாது.

இவரிடம்தான் ஓட்டக்காரி ஒருத்தி மாட்டினாள். ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடி வருவார்கள்; எந்த நேரத்தில் எங்கே இருப்போம் என்று ஓடுகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்; ஒரே வருடத்தில் மூன்று முறை அங்கே ஆள் அகப்படாவிட்டால் தடை. முதல் இரண்டு முறை தப்பு அவளுடையது, ஒத்துக்கொண்டாள். மூன்றாவது முறை வீட்டில்தான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி கெட்டுப்போயிருந்தது. வந்தவர் பொத்தானை அழுத்தினார், காத்திருந்தார், ‘ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு ஆண்டுத் தடை. உலகப் போட்டி போயிற்று. அது போனால் போகட்டும், ‘மருந்து போட்டு ஓடினவ’ என்ற பேச்சு தெரு முழுக்கப் பரவியதே, அதை என்ன செய்வது? அவளுடைய அப்பா காலையில் நடக்கப் போவதையே நிறுத்திவிட்டார்.

வழக்கு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. முதல் நாளே அவள் கேட்டது ஒன்றுதான். “கதவைத் திறந்து வச்சு விசாரிங்க. என்னைப் பத்தி ஊரே பேசுது. நான் பேசறதையும் ஊர் கேக்கட்டும்.”

சம்மதம் சார் கண்ணாடியைத் துடைத்தார். தகராறு என்று வந்தால் நீதிமன்றம் போக மாட்டேன், நடுவர் மன்றம்தான், அதுவும் மூடிய அறையில்தான் என்று இந்தப் பெண்ணே வருடா வருடம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வெளிப்படையான விசாரணை மனித உரிமைதான். யார் இல்லை என்றது? அதைத்தான் அவளே விட்டுக்கொடுத்துவிட்டாளே! கழுத்தில் யாராவது கத்தி வைத்தார்களா?

அவளுடைய வழக்கறிஞர் தடுப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். “சார், கையெழுத்துப் போடலைன்னா என்னை ஓட விடுவீங்களா?”

“அது... விதிப்படி பாத்தா...”

நடுவர் மன்றத் தலைவி பேனாவைக் கீழே வைத்தார். “விடுவீங்களா, மாட்டீங்களா?”

“மாட்டோம்.”

“வேற சங்கத்துல சேந்து ஓடலாமா?”

“வேற சங்கமே கிடையாதுங்க.”

“அப்ப இதுக்குப் பேர் சம்மதமா?”

சம்மதம் சார் தண்ணீர் குடித்தார். இந்த முறை அவருக்கே தேவைப்பட்டது.

கதவு திறந்தது. நிருபர்கள் வந்தார்கள், அவளோடு பயிற்சி செய்தவர்கள் வந்தார்கள், எல்லோருக்கும் பின்னால் தயங்கித் தயங்கி அப்பாவும் வந்தார். சோதனைக்காரரை அழைத்தார்கள். அவளுடைய வழக்கறிஞர் கேட்கத் தொடங்கினார்.

“பெல் அடிச்சீங்களா?”

“அடிச்சேங்க.”

“உள்ள சத்தம் கேட்டுதா?”

“கேக்கலைங்க.”

“கதவைத் தட்டினீங்களா?”

அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “பெல் இருக்கறப்ப எதுக்குத் தட்டணும்னு...”

அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தடை நீங்கியது. போன உலகப் போட்டி திரும்பி வராது. ஆனால் அவள் மறுபடி ஓடத் தொடங்கினாள். அப்பாவும் காலையில் நடக்கிறார், அதுவும் குறுக்கு வழியில் அல்ல, தெருவை முழுசாக ஒரு சுற்று.

அன்று வெளியே வந்ததும் சங்கத் தலைவர் குதித்தார். “மேல்முறையீடு போடுய்யா!”

“முடியாதுங்க. இந்தத் தீர்ப்புதான் கடைசின்னு நாமளும் ஒத்துக்கிட்டிருக்கோம்.”

“எவன்யா ஒத்துக்கிட்டது?”

“நீங்கதாங்க.”

வாழ்க்கையில் முதல் முறையாக, அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. பாவம், எந்தப் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்குமென்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, மகளுக்கு உடம்பு சரியில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு வேண்டும் என்று சற்றுமுன் கேட்டாரே, அவரிடம் அன்பாக, கோபமே படாமல், “லீவு கிடையாதுன்னு மொதல்லயே சொல்லித்தானே சேத்தோம்?” என்றது யார்? எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். அவரிடம் போய்ச் சொல்லுங்கள். வாசலில் இன்னும் செருப்பைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்.