முப்பது முட்டைப் பரீட்சை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் மகளையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டுதான் சைக்கிள் மிதிப்பது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். மகளுக்கு அப்போது பத்து மாதம். பாசம்தான் காரணம் என்று வெளியே சொல்லிக்கொண்டார். உண்மைக் காரணம் வேறு. குழந்தை பிறந்ததிலிருந்து ஞாயிறு காலை அவர் கையை விட்டுப் போயிருந்தது. மருந்துக்கடைக்காரரும் மற்ற சைக்கிள் கூட்டாளிகளும் மணியடித்துக்கொண்டு தெருமுனையில் பறப்பார்கள். இவர் மாடியில் குழந்தைத் துணியை உலர்த்திக்கொண்டே வேடிக்கை பார்ப்பார். வயிறு எரியும். குழந்தையோடு கிளம்பினால் யார் தடுக்க முடியும்?

பெல்ட் வைத்த குட்டி சீட்டு வந்தது. சிவப்பு ஹெல்மெட் வந்தது. இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

“பாப்பாவுக்குக் காத்தோட்டம் வேணும்.”

“ஜன்னலைத் திறந்து விடுங்க” என்றாள் மனைவி.

“சைக்கிள்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்றேன்.”

“கடைசியா போனப்போ யாரோ முழங்காலைப் பேத்துக்கிட்டு வந்தாங்களே?”

“அது, நாய் குறுக்கே வந்திருச்சு.”

“நாய் ஓரமா தூங்கிக்கிட்டு இருந்துச்சுன்னு மருந்துக்கடைக்காரர் சொன்னாரு.”

அவர் சண்டைக்கு மூச்சை இழுத்துப் பிடித்தார். ஆனால் மனைவி சண்டை போடவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஊரார் பார்வையையெல்லாம் சரிபார்க்கிற மனுஷனுக்குத் தன் வீட்டில் கண்ணெதிரே நடப்பது மட்டும் என்றைக்குமே தெரிந்ததில்லை.

“சரி, கூட்டிட்டுப் போங்க. ஆனா முதல்ல ஒரு பரீட்சை. சீட்ல ஏழு கிலோ அரிசி, அதுமேல முப்பது முட்டை. ரெண்டும் சேர்ந்தா பாப்பா எடை. பெல்ட்டைப் போட்டு ஏரியை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. ஒண்ணுகூட உடையாம வர்ற அன்னிக்குப் பாப்பா ஏறட்டும்.”

“பூ, இவ்வளவுதானா?” என்று சிரித்தார்.

முதல் ஞாயிறு பதினோரு முட்டை காலி. அரிசிப் பை மஞ்சளாகத் திரும்பி வந்தது. மூன்று வேளையும் ஆம்லெட். அடுத்த ஞாயிறு ஐந்து. மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பிரேக் கட்டையை மாற்றினார். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று ஒரு காகிதத்தில் குறித்துவைத்தார். பஸ் ஓடும் பெரிய தெருவை விட்டுவிட்டுப் பூங்கா வழியாகச் சுற்றிப் போனார். முட்டைத் தட்டின்மேல் சிவப்பு ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். தனக்கும் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார்.

“குழந்தை அழவே மாட்டேங்குதே சார், தங்கமான குழந்தை!” என்றார் பக்கத்து வீட்டு ரயில் டிரைவர், தூரத்திலிருந்து பார்த்துவிட்டு.

நான்காவது ஞாயிற்றிலிருந்துதான் விஷயம் விபரீதமானது. ஒவ்வொரு வாரமும் சரியாக ஒரே ஒரு முட்டை. மனைவி வாசலில் தட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போவாள். எண்ணுவாள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வருவாள்.

“பாவம் நீங்க! இன்னிக்கும் ஒண்ணு விரிசல் விட்டிருக்கு.”

கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து விரிசலை ஆராய்ந்தார். டயரில் காற்றைக் குறைத்தார். நடந்து போகிறவர்களெல்லாம் அவரை முந்திக்கொண்டு போனார்கள். அப்படியும் ஒன்று. எட்டாவது வாரம் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒன்பதாவது ஞாயிறு மனைவி தட்டை வாங்கினாள். எண்ணாமலே சமையல் மேடையில் வைத்தாள்.

“பாஸ்! இருங்க, பாப்பாவுக்கு ஹெல்மெட் போட்டுக் கூட்டிட்டு வரேன்.”

“நீ எண்ணவே இல்லையே!”

“எதுக்கு எண்ணணும்? நேத்துதானே கேக் வெட்டினோம், ஒரு வயசு முடிஞ்சிருச்சு. கழுத்து நல்லா நிக்கணும், ஹெல்மெட்டைத் தாங்கணும், ஒரு வயசுக்கு முன்னாடி சைக்கிள் பக்கமே விடாதீங்கன்னு டாக்டரம்மா அப்பவே சொல்லிட்டாங்க.”

“அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“சொன்னா கேட்டிருப்பீங்களா?”

யோசித்துப் பார்த்தார். கேட்டிருக்க மாட்டார்.

“அப்போ அந்த ஒரு முட்டை?”

மனைவி சமையல் மேடைப் பக்கம் திரும்பினாள். கரண்டியை எடுத்தாள். ஓரத்து முட்டையின் தலையில் பக்குவமாக ஒரு தட்டு. ‘டக்.’ பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவருக்கு மனப்பாடமாகிப்போன அதே விரிசல்.

கோபப்பட நேரமில்லை. மகள் சிவப்பு ஹெல்மெட்டோடு சீட்டில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே மனசு நிறைந்துபோனது. பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். தெருமுனையில் மருந்துக்கடைக்காரர் தன் கூட்டத்தோடு பறந்து வந்தார். இதற்காகத்தானே இத்தனை பாடு! எட்டி மிதிக்கப் பார்த்தார். கால் கேட்கவில்லை.

“என்னப்பா, எறும்பு ஊர்ற மாதிரி வர்றே? மிதி, மிதி!” என்று கத்தினார் மருந்துக்கடைக்காரர்.

“நீங்க போங்க” என்றார் இவர், பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கியபடி. “முட்டை இருக்கு.”