பன்னிரண்டு அங்குலத் தேடல்

கருவித் தேர்வாளரைச் சோம்பேறி என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். சோம்பேறிக்கு ஓய்வு என்று ஒன்று உண்டு. இவருக்கு அதுவும் கிடையாது. காலையில் பல் தேய்க்கும்போதே (அந்த பிரஷ்ஷும் மூன்று மாத ஆராய்ச்சிக்குப் பிறகு வந்ததுதான்) இன்ன வேலைக்கு இன்ன கருவி என்று யோசிக்கத் தொடங்கி, நாலு பேரிடம் கேட்டு, பத்து வீடியோ பார்த்து, கடை கடையாக ஏறி இறங்கி, கடைசிவரை அந்த வேலையை மட்டும் தொடாமல் பார்த்துக்கொள்வது லேசான உழைப்பா? உங்கள் சொந்தத்தில் ஒருவராவது இருப்பார். சித்தப்பாவை நினைத்துப் பாருங்கள்.

நம்மவருக்கு ஒரு மனைவி. ஒன்பது வருடம் கழித்து அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே, மருத்துவமனைக்கு போன் செய்கிறவர்களுக்கு டாக்டரைப் பார்க்க நேரம் ஒதுக்கித் தரும் வேலை. நிபந்தனை ஒன்றுதான்: கதவு சாத்திய அறை, பின்னால் சுத்தமான சுவர். முதல் நாளே மேலதிகாரி கேமராவில் பார்ப்பார். சரியில்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

தச்சர் வந்து ஹாலின் மூலையை ஜிப்சம் பலகையால் தடுத்து, கதவு மாட்டி, பலகைகள் சேரும் இடத்தில் டேப் ஒட்டிவிட்டுப் போனார். பாக்கி, டேப்பும் ஸ்க்ரூ தலைகளும் மறைய, பிடி போட்ட அகலத் தகடான பிளேடால் பட்டி இழுத்துப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பது.

"பெயிண்டரக் கூப்பிடலாங்க" என்றாள் மனைவி.

"அவன் எதுக்கு? நான் பாத்துக்கறேன்."

பார்த்தார். ஏழு வாரம் பார்த்தார். துருப்பிடிக்காத பிளேடு வளையாது, வளைகிற பிளேடு துருப்பிடிக்கும் என்ற உலகத் துயரத்தை அவர் கண்டுகொண்டது இந்த நாட்களில்தான். மரப்பிடி, ரப்பர் பிடி, நேர் விளிம்பு, லேசாகக் குழிந்த விளிம்பு என்று பதினான்கு பிளேடுகள், உறைகூடப் பிரியாமல், மேஜை இழுப்பறையில் படுத்திருந்தன. நடுவில் ஒருநாள் பட்டி எப்படி இருக்கிறதென்று பார்க்க வாளியைத் திறந்தார். மூடியை அழுத்தி மூடச் சரியான சுத்தி எது என்று தேடப் போனவர் திரும்புவதற்குள் பட்டி கல்லாகிவிட்டது.

கடையில் அவருக்கு 'வளைச்சுப் பாக்கறவர்' என்று பெயர். ஒவ்வொரு பிளேடையும் காதருகே வைத்து வளைத்து, ஓசை கேட்பார்.

"போன வாரம் வாங்கினது என்ன சார் ஆச்சு?"

"அது ஆறு அங்குலம், முதல் பூச்சுக்கு. ரெண்டாவதுக்குப் பத்தா பன்னெண்டான்னு முடிவாகல."

"முதல் பூச்சு முடிஞ்சிருச்சா?"

"அதெப்படிங்க? ரெண்டாவது என்னன்னு தெரியாம முதல்ல எப்படிக் கை வைக்கறது?"

கடைக்காரர் அடுத்த பிளேடை எடுத்து நீட்டினார். வியாபாரம் தெரிந்தவர்.

ஏழாவது வாரத்துப் புதன்கிழமை வந்தது. "ஏங்க, திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு நான் அந்த ரூம்ல உக்காரணும்."

"உக்காரு, யார் வேணாம்னா? ஆனா கண்ட பிளேட வெச்சு இழுத்தா ஆயுசுக்கும் கோடு கோடா நிக்கும்."

"கோடு நிக்கட்டுங்க. வேலை நிக்கக் கூடாது."

ஒரு பூச்சு காய ஒரு நாள். மூன்று பூச்சு, ஒரு தேய்ப்பு. விரல் விட்டு எண்ணினாள். சரியாக நான்கு நாள்தான் மிச்சம். வியாழன் காலை அவர் அலுவலகம் போனதும் சின்ன வாளியில் புதுப் பட்டி வாங்கி வந்து, இழுப்பறையில் கைக்கு முதலில் தட்டுப்பட்ட பிளேடின் உறையை உரித்தாள். முதல் இழுப்பில் கோடு விழுந்தது. வழித்தெடுத்துவிட்டு மறுபடி இழுத்தாள். பிளேடை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது மூன்றாவது இணைப்பில் கைக்கே தெரிந்துவிட்டது. மூன்று நாளும் நம்மவர் அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

ஞாயிறு மாலை, தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, செய்தித்தாளில் சுற்றிய பன்னிரண்டு அங்குலத்தோடு வந்து நின்றார். சுவரைப் பார்த்தார். டார்ச் எடுத்து வந்து சுவரோடு சுவராகச் சாய்த்து அடித்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். கால் மணி நேரம். இடது பக்கம், உள்ளங்கை அளவு ஒரு மேடு. முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? இதுக்குத்தான் பன்னெண்டு வேணும்னேன்."

அவள் நாற்காலியை இழுத்து அந்த மேட்டுக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். "இப்பத் தெரியுதா?"

திங்கள் ஒன்பது மணிக்கு அறைக்கதவு சாத்தப்பட்டது. மேலதிகாரியின் குரல் வெளியே வரை கேட்டது: "செவுரு நல்லா இருக்கும்மா. ஆள் வெச்சுப் பண்ணீங்களா?"

"இல்ல சார், நானே. வீட்ல பிளேடுக்குப் பஞ்சமில்ல."

அடுத்த நிமிடம் யாருக்கோ வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

கதை முடிந்தது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அவள் எத்தனாம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்தாள் என்று கடைசிவரை சொல்லவில்லையே என்று உங்களுக்குள் ஏதாவது உறுத்துகிறதா? உறுத்தினால், எழுந்து போய் அடுத்த அறையை ஒருமுறை பாருங்கள். உங்கள் வீட்டில் யாரோ ரொம்ப நாளாக எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறார்கள்.